கிழக்குத் தெரு ஓட்டுகள் கலக்காமல் போன வருஷம்

வாக்குச் சீட்டுக் கட்டுகளைப் பெரிய டிரம்மில் கொட்டிக் கலக்கும்போது ஒரு சத்தம் வரும்... காய்ந்த பனையோலை மேல் ஆள் நடக்கிற மாதிரி. சட்டமன்றத் தேர்தல் என்றால் சீட்டு இளஞ்சிவப்பு. முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிவிட்டு நிமிர்ந்தால் புடவையெல்லாம் காகிதத் தூசி.

மெஷின் வருவதற்கு முந்தைய கதை இது.

சென்னைக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய ஒரு கிராமத்துத் தொகுதி. அங்கே பள்ளியில் டீச்சராக இருந்தேன். தேர்தல் வந்தால் எனக்கு எண்ணிக்கை டியூட்டி. தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தபோது அதன் பெயரே போய்விட்டது. ரொம்ப காலம் அதன் தேர்தல் வரலாற்றை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ரைஸ் மில்காரர் கை காட்டுகிறவர்தான் ஜெயிப்பார். சுற்றிலும் இருந்த நிலமெல்லாம் அவருடையது.

கிழக்குத் தெரு ஜனங்களுக்கு அவர் வயலில்தான் வேலை. கன்னியம்மா அந்தத் தெரு. அவர் மகள் என் வகுப்பு. ஒரு தேர்தலுக்கு முன் மகளைக் கூப்பிட வந்தவர், மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், எங்க தெரு யாருக்குப் போட்டுச்சுன்னு மில்லுக்காருக்குத் தெரிஞ்சிடுமா? தெரிஞ்சா நடவுக்குக் கூப்புட மாட்டாரு."

எனக்குத்தான் எதற்கும் ஒரு உதாரணம் வேண்டுமே...

"ஏரியில பத்து ஊர் மழைத் தண்ணி வந்து சேருது. ஒரு குடம் மொண்டா, இது எந்த ஊர் மழைன்னு சொல்ல முடியுமா? ஓட்டும் அப்படித்தாம்மா. எல்லா ஊர் கட்டையும் ஒண்ணாக் கலந்துட்டுத்தான் எண்ணுவோம்."

"எங்க தெரு தண்ணின்னா உப்புக் கரிக்குமே டீச்சர், கண்டுபுடிச்சிடுவாங்க!" என்று சிரித்தார். ஆனால் நம்பினார்.

அந்த முறைதான் முதல் தடவையாக மில்காரரின் ஆள் தோற்றார். எந்த ஊர் கைவிட்டது என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அப்புறம் மெஷின் வந்தது. அதே தேர்தலில் கிழக்குத் தெருவுக்குத் தனி பூத்தும் கிடைத்தது. ஓட்டுப் போட ஊர்த் தெரு வழியாக ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டாம் என்று அவர்களுக்கு அத்தனை சந்தோஷம். கன்னியம்மா மறுபடியும் கேட்டார். "மெஷினும் கலந்துடுமா டீச்சர்?"

நான் அதே உதாரணத்தைச் சொன்னேன். பழைய பாடத்தைப் புதுப் புத்தகம் பார்க்காமல் நடத்துகிற டீச்சர் மாதிரி... யாரிடமும் விசாரிக்கவில்லை.

எண்ணிக்கை அன்றுதான் புரிந்தது. டிரம் இல்லை. மெஷின் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தது; பட்டனை அழுத்தினால் அந்த ஒரு பூத்தின் கணக்கு மட்டும் தனியாக வந்தது. கிழக்குத் தெரு மெஷின் என் மேஜைக்கே வந்தது. மில்காரரின் ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவருடைய ஏஜென்ட், பூத் நம்பரைப் போட்டு நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார்.

நான் அந்தக் கணக்கைத் தாளில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நடவுக்குப் பக்கத்து ஊரிலிருந்து லாரியில் பெண்கள் வந்து இறங்கினார்கள். கன்னியம்மா மகளுக்கு டி.சி. வாங்க வந்தார். "மெட்ராசுக்குப் போறோம் டீச்சர்" என்றார். நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ரிட்டயர் ஆனபின் நானும் திருவான்மியூர் வந்துவிட்டேன். போன தேர்தலுக்கு முந்தின நாள், பஸ் டெர்மினஸில் அடையாளம் தெரிந்து கன்னியம்மாதான் கூப்பிட்டார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை கேன்டீனில் சமையலாம். ஓட்டுப் போட ஊருக்குப் போகிறார். பேரை அங்கிருந்து மாற்றவே இல்லையாம்.

இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டேன். "நான் சொன்னது தப்பு கன்னியம்மா. தெரியாம சொல்லிட்டேன்."

"எப்பவோ தெரியும் டீச்சர்."

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா..."

"மாத்திப் போட்டிருப்பேன். புள்ளைங்க சோறாச்சே." மறைக்காமல் சொன்னார்.

"இப்பவும் பூத் கணக்கு தனியாத்தானே வெளிய வருது?"

"வந்தா வரட்டும். இப்பவும் அவுரு வயல்லதான் நிக்கிறேனா இன்னா? நல்லாப் பாத்துக்கட்டும்." பையைத் தூக்கிக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு ஓட்டு எங்க?"

"பக்கத்துத் தெரு ஸ்கூல்லதான்."

"நடந்தே பூடலாம்! குடுத்து வச்சவங்க."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் நான் பத்தே நிமிஷத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். எங்கள் அபார்ட்மென்ட் யாருக்குப் போட்டது என்று கேட்க ஒருவரும் இல்லை. தெரிந்தாலும் எங்கள் வீட்டு அடுப்புக்கு ஒன்றும் ஆகாது... அன்றைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உதாரணம் என்னுடையது, ஊரை விட்டுப் போனது அவர்.