இல்லத்தரசி தபசு பார்த்த கதை

கல்யாணமான புதிதில் என்னைப் பற்றிப் பேசும்போது என் கணவருக்கு நெஞ்சு நிமிரும். "பொம்பளைய வேலைக்கு அனுப்பிப் பொழைக்குத நெலமை நமக்கு இல்ல" என்பார். அந்தக் கௌரவத்துக்காகத்தான் என் டீச்சர் டிரெய்னிங் சர்டிபிகேட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போனது. இப்போது அதே மனிதர், "வீட்லதான் இருக்கா" என்று ஏதோ தீராத சீக்கைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்துகிறார். மகள் என்னை 'ஹோம் மேக்கர்' ஆக்கிவிட்டாள். பட்டம் மாறினாலும் பாத்திரம் என்னவோ நான்தான் கழுவுகிறேன்.

எங்கள் வீடு சங்கரன்கோவிலில், கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. ஆடித்தபசு அன்று புளியங்குடி, ராயகிரிச் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான் இறங்கும். சாப்பிட்டு, தூங்கி, காபி குடித்து, சாயங்காலம், கோயிலை விட்டு வந்து தெற்கு ரத வீதியில் தவமிருக்கும் அம்மனுக்குச் சாமி காட்சி கொடுப்பதைப் பார்க்கப் போவார்கள். திரும்பி வந்ததும் அவர்களுக்குத் தோசை ஊற்ற நான் வீட்டில் இருப்பேன். ஊரே பஸ் ஏறி வந்து பார்க்கும் காட்சியை, வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. அந்த ஆத்திரம் எனக்கு உண்டு.

இந்த வருஷம் நாத்தனாரின் மருமகள், பேங்க் வேலைக்காரி, நான் சுட்ட வடையைக் கடித்தபடி கேட்டாள்: "நாள் பூரா வீட்லயே இருக்கீங்களே அத்தை, போரடிக்காதா?"

என் கணவர் முந்திக்கொண்டார். "அவளுக்கு என்ன, ராணி மாதிரி இருக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் கண்ணயர்ந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு தெற்கு ரத வீதிக்குப் போய், முண்டியடித்து முன்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"ஏட்டி, எங்கன போன? காபிப்பொடி எங்கன இருக்கு?"

"தபசு பாக்க வந்திருக்கேன். நீங்களே தேடுங்க."

"ராத்திரிக்கு இவுகளுக்கு என்ன செய்ய?"

"மாவு பிரிட்ஜ்ல இருக்கு. தோசை ஊத்துங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"வீட்ல இருக்கவ செய்யுத வேலைதான. கத்துக்கிடுங்க."

சாமி வந்தார். விவசாயிகள் பருத்தியையும் மிளகாயையும் வாரி இறைத்தார்கள். என் கண் நிறைந்துவிட்டது. அம்மன் உள்ளேயே இருந்திருந்தால் சாமி இவ்வளவு தூரம் தேடி வந்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

நான் திரும்பும்போது என் சாமி எங்கள் தெருமுனை வரைக்கும்தான் வந்திருந்தார், கையில் தோசைக் கரண்டியோடு.

"கல்ல விட்டு வர மாட்டேங்கு" என்றார், குரலைத் தாழ்த்தி.