ஹாஜரின் விரல் தடங்கள்

எங்கள் ஊரில் ஹாஜரைப் பிடிக்கும் என்று சொல்ல ஆள் கிடையாது. புருஷன் செத்தபிறகு அத்தித் தோட்டத்தைத் தனியாகவே பார்த்துக்கொண்டவள். சிரிக்கமாட்டாள், அடுத்த வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போகமாட்டாள். மகன் வாரக்கணக்கில் லாரியோடு இஸ்மிர் பட்டணத்தில் கிடந்ததால், வீட்டில் அவளும் புது மருமகள் எல்மாஸும் மட்டும்தான். அந்த வீட்டுக்குள் ஏதோ நடக்கிறது என்பது என் டீக்கடையில் உட்காருகிற அத்தனை பேருடைய முடிவு. ஆதாரம்தான் கிடைக்கவில்லை.

ஜூன் மாதம் கிடைத்தது. எல்மாஸின் முன்கையில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் அச்சாகச் சிவந்து, கொப்புளம் கட்டி நின்றது. குழாயடியில் பெண்கள் பார்த்துவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை என்றாள் எல்மாஸ். அடி வாங்குகிற மருமகள் வேறென்ன சொல்வாள்? ஹாஜரைக் கேட்டதற்கு, ஏணியிலிருந்து விழப்போனவளைப் பிடித்தேன் என்றாளாம். பிடித்தால் கொப்புளமா வரும்? பழுக்கக் காய்ச்சிய இரும்பு என்றார் தையல்காரர் காஸிம். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

கீழே பருத்திச் சீமையில் இருந்த எல்மாஸின் அண்ணன் துர்முஷுக்குச் செய்தி போக எத்தனை நேரம்? மறுநாள் உச்சிவேளைக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஹாஜர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் எல்மாஸ். ஆண் அத்திக்காயைத் தளிரோடு ஒடித்து, நாணலில் கோத்து, பெண் மரத்தில் தொங்கவிடுகிற நாட்கள் அவை; அதைத் தவறவிட்டால் அந்த வருஷம் பழமில்லை. ஹாஜரின் கையெல்லாம் அத்திப்பால்.

நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் சும்மா நின்றோம்.

"கிளம்பு. இந்த வீட்டுல இனி ஒரு வேளை நீ திங்கக்கூடாது."

"அத்தை என்னை அடிக்கலண்ணே. எனக்கு இங்கதான் இருக்கணும்."

"பயத்துல பேசுற."

அவன் தங்கையை இழுத்தான். ஹாஜர் எழுந்து அவன் பின்கழுத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள்.

"எம் மருமகளை விடுடா. இனிமே எங்கிட்ட அனுப்பமாட்டே, தெரியும் எனக்கு."

அவள் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டோம். நல்ல நடிப்பு என்றார் காஸிம். துர்முஷ் கையை உதறிவிட்டு, தங்கையை ஏற்றிக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் போய்விட்டான். ஹாஜர் அடுத்த காயை எடுத்துக் கோத்தாள். அதையும் கல்நெஞ்சு என்று பேசிக்கொண்டோம்.

இரண்டு நாளில் துர்முஷின் கழுத்து எரிந்தது. காலரை விலக்கிப் பார்த்தால் அதே விரல்கள், அதே கொப்புளங்கள். சூனியம் என்று அவன் அம்மா அழுதாள். எல்மாஸ் மட்டும் சிரித்தாளாம். சுகாதார நிலையத்து டாக்டரம்மா எங்கள் ஊர்ப்பெயர் காதில் விழுந்ததுமே தலையாட்டினாராம்.

"அத்திப்பால் தோல்ல பட்டா சும்மா கிடக்கும். அதுமேல வெயில் விழுந்தாத்தான் விஷமாகும், தோலோட செல்லைச் சாகடிக்கும். அப்புறந்தான் வீக்கம், கொப்புளம். உடனே தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும்."

ஹாஜருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறான். காய்த்துப்போன உள்ளங்கையில் அவ்வளவு சீக்கிரம் ஏறாது, அங்கே வெயிலும் படாது என்றாராம். பால் பட்டால் அரிக்கும் என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். வெயிலும் சேர வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. கொப்புளம் வந்தபோதெல்லாம் வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கிறோம்.

அடுத்த வாரம் துர்முஷ் தங்கையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டான். ஹாஜர் வாசலுக்கு வந்து, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அதற்கப்புறம்தான் மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

துர்முஷ் என் கடைக்கு வந்து நடந்ததையெல்லாம் சொல்லி, ஊரே கேட்கட்டும் என்று கழுத்தையும் காட்டினான். காஸிம் கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தார். அவன் வண்டி போனதும் என் காதில் சொன்னார்:

"பாத்தியா, அண்ணனையும் போட்டுச் சாத்தியிருக்கா."