எங்கள் அணிக்கு வந்த புதுப் பெண்கள்

எங்கள் அணி ஏலத்தில் புதுப் பெண்களை எடுத்த அன்று வீட்டில் விருந்தாளிகள். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தால் இது வழக்கம்தான். பெருமாளைச் சேவிக்க வருகிற உறவினர்கள் அப்படியே சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மைத்துனர் குடும்பம் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தது. நான் சமையலறை மேடையில் உப்பு ஜாடியின் மேல் போனைச் சாய்த்து வைத்து, ஒரு கண்ணை அதிலும் இன்னொரு கண்ணைக் கொதிக்கிற சாத்துமதுவிலும், அதாவது ரசத்திலும், வைத்திருந்தேன்.

பெண்கள் ஹாக்கி லீக்கின் ஏலம் போனில் ஓடிக்கொண்டிருந்தது. ஏலம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. வளர்ந்த பெண்களின் பெயரைச் சொல்லி, கையில் அட்டையைத் தூக்கி, அது என்ன வழக்கமோ. ஆனாலும் அன்றைக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போன சீசனில் நாங்கள் ஆதரிக்கிற அணிக்குக் கடைசி இடம். மூத்த வீராங்கனைகள் பலரை விட்டுவிட்டு இந்த முறை இளசுகளாகப் பொறுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. முதலில் ஜார்க்கண்டிலிருந்து ஒரு கோல்கீப்பரை எடுத்தார்கள். அப்புறம் பெனால்டி கார்னர் அடிப்பதில் பெயர் வாங்கிய ஹரியானாப் பெண். அதற்குப் பிறகு வெகுநேரம் ஏலத்தில் எங்கள் அணியின் மேசையில் யாரும் கையைத் தூக்கவே இல்லை.

திடீரென்று திரையில் மருங்காபுரிப் பக்கத்துப் பெண்ணின் படம் வந்தது.

எங்கள் மாவட்டத்துப் பெண். ஜூனியர் போட்டிகளில் இரண்டொரு முறை அவள் ஆடிப் பார்த்திருக்கிறேன். நடுக்களத்தில் ஹாஃப் இடத்தில் ஆடுவாள். எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி வருவாள், இவள் பக்கத்தில் சும்மா வருகிற மாதிரி வருவாள், அடுத்த நிமிஷம் பந்து இவளிடம் இருக்கும். எப்படிப் பறித்தாள் என்று பறிகொடுத்தவளுக்கே தெரியாது. கல்லூரியில் நானும் அதே இடத்தில் ஆடியவள். எனக்கு அந்த வித்தை ஒரு நாளும் கைவந்ததில்லை.

எங்கள் மேசையில் கை உயர்ந்தது. வேறு யாரும் உயர்த்தவில்லை. நான் கரண்டியோடு கூடத்துக்கு ஓடினேன்.

"எடுத்துட்டா! நமக்கு ஹாஃப் கெடச்சாச்சு!"

மைத்துனர் இலையிலிருந்து நிமிர்ந்து என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "எனக்கு ஹாஃப் போறாது மன்னி. ஃபுல்லாவே விடுங்கோ" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவருக்குக் கரண்டி நிறைய விட்டேன். பாதி இலைக்கு வெளியே போயிற்று.

பாத்திரம் கழுவுவதற்கு முன்னாலேயே என் தோழிக்குப் போன் போட்டேன். கல்லூரி அணியில் அவள்தான் கோல்கீப்பர். இப்போது பெரிய கடைவீதிக்குப் பின்னால் துணிக்கடை நடத்துகிறாள். கணவர் குவைத்தில் இருக்கிறார். எனக்கு அலுவலகம், அவளுக்குக் கடை என்று ஆனபிறகு ஹாக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடுகிற பேச்சாக மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தப் பேச்சு மட்டும் குறையவே இல்லை.

"பாத்தேன், பாத்தேன்" என்றாள் எடுத்ததுமே. "டீமா எடுத்திருக்காங்க? ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஆள் சேத்த மாதிரி இருக்கு. ஒருத்திக்கும் இருபது வயசு தாண்டலைடி!"

"நாம ஆடறப்போ நமக்கு என்ன வயசு?"

"நாம ஆடுனது பக்கத்து காலேஜோட. இதுக பெரிய பெரிய ஆளுங்களோட ஆடணும். அந்த கீப்பர் பொண்ணப் பாத்தியா? ஆள் வர்றதுக்கு முன்னாடியே படுத்துக்கறா. கீப்பர்னா நிக்கணும். நின்னு பாக்கணும். யா அல்லாஹ், பந்து போறது தெரியாம தரையில கெடந்தா என்ன பண்றது?"

அதன் பிறகு இதே சண்டைதான். அவள் கோல்கீப்பர் படுக்கிற வீடியோவாகத் தேடி அனுப்புவாள். நான் மருங்காபுரிப் பெண் பந்து பறிக்கிற வீடியோவாக அனுப்புவேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவுக்குப் பக்கத்தில் போன் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரே உட்காருகிற சக ஊழியர் ஒரு நாள், "ஏங்க மேடம், உங்க சொந்தக்காரப் பொண்ணுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை.

லீக் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் அணி ஒரு பயிற்சி ஆட்டத்துக்காகத் திருச்சிக்கு வருகிறது என்று செய்தி வந்தது. கூட்டத்துக்கு முன்னால் புதியவர்களை ஆடவைத்துப் பார்க்க வேண்டும் என்று கோச் விரும்பினாராம். வெளியூரிலிருந்து வந்த அனுபவசாலிகளின் அணி ஒன்றுடன் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் ஸ்டேடியத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தோழி ஏற்கெனவே வந்து, கோல் பக்கமாக இடம் பிடித்து வைத்திருந்தாள். குறை சொல்ல வந்தவள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள்.

சிறிது நேரத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் ஏறி வந்தது. மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பெண்களும் ஆண்களும் பிள்ளைகளுமாக ஒரு தெருவே வந்த மாதிரி இருந்தது. என்னை ஒட்டி உட்கார்ந்த அம்மாவின் மடியில் ஒரு பை நிறைய வேர்க்கடலை.

"எடுத்துக்குங்க. எங்க காட்டுக் கடலைதான்" என்று கை நிறையக் கொடுத்தார். "எங்க பொண்ணு ஆடுது. அந்தா, ஓரத்துல நிக்கிதுல்ல, அதுதான்."

"எனக்கு நல்லாத் தெரியுங்க" என்றேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆட்டம் தொடங்கியது. நீலத் தரையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பந்து போகிற வழியெல்லாம் துளிகள் சிதறின. முதல் பகுதியிலேயே எங்கள் கோல்கீப்பர் வெளியே ஓடி வந்து படுத்தாள். எதிரணிப் பெண் பந்தை அவள் மேலாகத் தூக்கி உள்ளே போட்டுவிட்டாள்.

"சொன்னேனா? சொன்னேனா?" என்று தோழி எழுந்துவிட்டாள். படிகளில் இறங்கிக் கோலுக்குப் பின்னால் இருந்த கம்பி வேலிக்கே போனாள். நானும் பின்னால் ஓடினேன். அவள் வீட்டில் உருது பேசுவார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு உருதுவில் கத்தினாள்: "நில்லும்மா! எதுக்கு அதுக்குள்ள படுக்கற? நின்னு பாரு!"

அந்தப் பெண் தலைக்கவசத்தோடு திரும்பினாள். இந்த ஊரில் தன் காதுக்குப் புரிகிற மொழியில் ஒரு குரலை அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். ஹிந்தியில், சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். தோழி முகம் ஒரு மாதிரியாயிற்று.

"என்னடி சொன்னா?"

"'ஆன்ட்டி, இப்பல்லாம் இப்படித்தான். கொஞ்சம் பொறுங்க'ங்கறா."

பொறுத்தோம். எதிரணியின் அடுத்த தாக்குதலில் ஒருத்தி தனியாகப் புகுந்து வந்தாள். கோல்கீப்பர் மறுபடியும் பாய்ந்து வந்து படுத்தாள். ஆனால் இந்த முறை ஒரு காலை முழுக்க நீட்டி, மட்டையைத் தரையோடு தரையாக மறுபக்கம் விரித்து, பந்துக்குப் போக ஒரு வழியும் வைக்கவில்லை. பந்து அவள் காலில் மோதி வெளியே தெறித்தது. அப்படி ஒரு தடுப்பை நான் எங்கள் காலத்தில் பார்த்ததே இல்லை. தோழி வேலியை இரண்டு கையாலும் உலுக்கிக்கொண்டு, "மாஷா அல்லாஹ்! படு! படு! இன்னும் படு!" என்று கத்தினாள்.

அதன் பிறகு அவள் இருக்கைக்கே திரும்பவில்லை. நான் மட்டும் வேர்க்கடலை அம்மாவிடம் போனேன். கடைசிப் பகுதியில் எங்கள் கார்னர் பெண் ஒன்றைத் திருப்பி அடித்துச் சமமாக்கினாள். மருங்காபுரிப் பெண் நடுக்களத்தில் ஓயாமல் பந்து பறித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் வேன் கூட்டம் விசில் அடித்தது. நேரம் முடிந்தபோதும் சமம்தான். பயிற்சி ஆட்டம் என்றாலும் கூட்டத்துக்காக ஷூட்-அவுட் வைத்தார்கள். ஒருத்தி பந்தோடு தனியாக ஓடி வருவாள், எதிரே கோல்கீப்பர் மட்டும் இருப்பாள், எட்டு விநாடிக்குள் கோல் போட வேண்டும்.

முறையான வாய்ப்புகள் எல்லாம் முடிந்தும் சமமாகவே நின்றது. இனி ஒருவருக்கு ஒருவர். ஒருவர் போட்டு மற்றவர் தவறினால், தவறியவர் காலி. எங்கள் அணி சார்பில் மருங்காபுரிப் பெண் பந்தோடு வந்து நின்றாள்.

"நம்ம புள்ளதான்!" என்று அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்தார்.

அவள் ஓடினாள். இடமாகக் காட்டி வலமாகத் திரும்பினாள். எதிரணி கோல்கீப்பர் விடவில்லை, கூடவே வந்தாள். இவள் ஒரு முழு வட்டம் சுற்றித் திரும்பினாள். விசில் ஊதியது. அதற்கு ஒரு கண்ணிமைப்புக்குப் பின் பந்து உள்ளே போய்ப் பலகையில் டம்மென்று மோதியது.

நேரம் முடிந்த கோல். கணக்கில் வராது. ஆனால் வேன் கூட்டத்துக்கு அது தெரியவில்லை. அத்தனை பேரும் எழுந்து குதித்தார்கள். அந்த அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதார். விளக்கிச் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு நானும் கை தட்டினேன்.

இப்போது எதிரணிப் பெண் போட்டுவிட்டால் எங்கள் கதை முடிந்தது. அவள் வேகமாக வந்தாள். எங்கள் கோல்கீப்பர் அதைவிட வேகமாக வந்தாள். படுத்தாள். பந்து அவள் நெஞ்சில் பட்டுத் திரும்பியது, மறுபடி அடித்தாள், காலில் பட்டது, மறுபடியும், விசில்! வேலிப் பக்கத்திலிருந்து என் தோழியின் குரல் ஸ்டேடியம் முழுக்கக் கேட்டது. அடுத்த முறை கார்னர் பெண் நிதானமாகப் போட்டாள். எதிரணியின் பந்தை எங்கள் கோல்கீப்பர் மட்டை நுனியால் தட்டிவிட்டாள். ஜெயித்துவிட்டோம்.

"ஏங்க, நாம ரெண்டு தடவ ஜெயிச்சிருக்கோம் போலருக்கே?" என்றார் அந்த அம்மா.

ஆட்டம் முடிந்து வீராங்கனைகள் வேலியோரம் வந்தார்கள். மருங்காபுரிப் பெண் வியர்வை சொட்டச் சொட்ட நின்றாள். கூட்டம் அவளைத் தூக்காத குறை. அவள் முகத்தில் மட்டும் ஒரு சங்கடம்.

"அம்மா, நான் போட்டது கோல் இல்லம்மா. டைம் ஆயிருச்சு" என்றாள் வேர்க்கடலை அம்மாவிடம்.

"ஏன்டி, உள்ள போச்சா இல்லியா?"

"போச்சு. ஆனா சேராது."

"போச்சுல்ல? நான் கண்ணால பாத்தேன். போ, அவங்க சேத்தா என்ன, சேக்காட்டி என்ன."

அந்தப் பெண் உதவி கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க அந்தத் திருப்பு திரும்பினீங்க பாருங்க, அதுக்கே ஒரு கோல் கொடுக்கலாம்" என்றேன். அவளும் சிரித்தாள். பல்வரிசை தெரியச் சிரித்தபோது அவள் எவ்வளவு சின்னப் பெண் என்று தெரிந்தது. அந்த அம்மா அவள் கையில் கடலைப் பையைத் திணித்தார். அவள் அதை அப்படியே கோல்கீப்பரிடம் நீட்டினாள்.

கோல்கீப்பர் என் தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். கடலையை உடைத்து வாயில் போட்டபடி, எப்படிக் காலை நீட்ட வேண்டும் என்று தரையில் காட்டிக்கொண்டிருந்தாள். என் தோழி, ஐம்பதைத் தொடப்போகிறவள், துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் ஒரு காலை நீட்டப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது. நான்தான் தூக்கி நிறுத்தினேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசியபடியே இருந்தாள்.

"இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்டி. எழுதி வச்சுக்க."

"ஸ்கூல் ஆண்டு விழா டீம்னு சொன்னியே?"

"நீதான் சொல்லியிருப்ப" என்றாள் கொஞ்சமும் கூசாமல். ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழே நின்றபடி அவள் இன்னும் கையை விரித்து அந்தத் தடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தாள்.