இரண்டாம் தட்டு

அந்தக் கட்டை இன்னும் என் அலமாரியில், பழைய பேன்ட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. உடைத்த வள்ளத்தின் பலகையிலிருந்து அறுத்த இரண்டு துண்டுகள், நடுவே ஒரு கீல், பிடித்துக்கொள்ள ஒரு தோல்வார். பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், ஆர்மோனியத்தைத் தொட மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்த எங்களுக்கு அந்த ஒலியைக் கேட்டதும் வாய் தானாக மூடிக்கொள்ளும். இந்தக் கட்டையை என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், தம் கையால் செய்து என்னிடம் கொடுத்தார். அதை நான் ஒரே ஒரு முறைதான் தட்டினேன். இரண்டு முறை தட்டியிருக்க வேண்டும்.

அத்தானின் குடும்பப் பெயர் தல்மேதா. எங்கள் பங்கில் அந்தப் பெயர் அவர் ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது. வாரம் முழுக்க உப்புக் கம்பெனி எடைமேடையில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடல்குழுவின் தலைவர். கேட்டவுடன் கூடச் சேர்ந்து பாடக்கூடிய மெட்டெல்லாம் அவருக்குப் பிடிக்காது. லாரி எடைமேடையில் ஏறும்போது இரும்பு முனகுவதை எழுதி வைத்துக்கொள்வார். மனிதருக்குக் கிறுக்கு என்று குழுவில் பாதிப்பேர் சொன்னார்கள், நானும்தான். இரண்டு வருடம் உட்கார்ந்து பெரிய வெள்ளிக்கென்று ஒரு பாட்டு உண்டாக்கினார். ஒரு புலம்பல், அது பாதியில் நின்றுவிடும். ஒரு தட்டு. பிறகு இரண்டு நிமிடம் கோயிலே மூச்சடக்கி நிற்க வேண்டும். இன்னொரு தட்டு. குழு முழுவதும் ஒன்றாக மூச்சை விட்டு, கடைசி வரியைப் பாட வேண்டும். அவ்வளவுதான்.

அவருடைய அப்பா சங்கு குளித்தவர். முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். மூழ்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் பிடித்திருப்பவன் அவன் மனைவியின் சகோதரனாக இருப்பான். அக்கா தங்கையின் தாலி அவன் கையில் இருக்கிறது, விட்டுவிட மாட்டான் என்ற நம்பிக்கை. கட்டையை என்னிடம் கொடுத்த அன்று அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மாப்ள, நான் முங்கிருவேன். கயிறு ஒங்கிட்டதான். சனம் என்ன முணுமுணுத்தாலும் நேரம் ஆவாம இழுத்துராத.”

அந்தப் பெரிய வெள்ளியன்று முதல் தட்டு நன்றாகத்தான் விழுந்தது. கோயில் அடங்கியது. வெளியே காக்கை கத்தியதும், தூரத்தில் கப்பல் சங்கு ஊதியதும் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருப்பதுபோல எனக்குக் கேட்டன. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நிமிடம் தாண்டியிருக்கும். யாரோ இருமினார்கள். ஒரு பெண் “பாட்டு மறந்துட்டா இவங்களுக்கு?” என்றாள். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பங்குச்சாமியார் திரும்பி நேராக என்னைப் பார்த்தார். கட்டையைக் கீழே இறக்கினேன். ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய புலம்பலை வாய்விட்டு எடுத்துவிட்டேன். கோயிலே நிம்மதியாக என்னோடு சேர்ந்து பாடியது. அத்தானின் வலது கை உயர்ந்தபடி நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அப்போது எனக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. திங்கட்கிழமை அங்கே என்னைச் சுற்றிக்கொண்டார்கள். “என்னலே, ஒங்க அத்தான் பாட்டு நடுவுலயே நின்னுட்டாமே?” நான் பயந்து கெடுத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு கிரேன் மூட்டைகளைத் தூக்கியபடி அந்தரத்தில் நின்றிருந்தது. “அந்தா பாரு, கிரேனும் தல்மேதா ஆயிட்டு” என்றேன். ஆபீஸ் குலுங்கியது. என் குற்றத்தை அவர் பாட்டின் தலையில் கட்டிவிட்ட திருப்தியில் நானும் சிரித்தேன்.

அதன் பிறகு எது நின்றாலும் தல்மேதாதான். லிஃப்ட், ஜெராக்ஸ் மெஷின், எழுந்து பேசத் தொடங்கித் திணறிய யூனியன் தலைவர். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தச் சொல் ஆங்கிலத்துக்கும் ஏறிவிட்டது. “வெசல் தல்மேதாட், அவெய்ட்டிங் பைலட்” என்று, கப்பல் நின்று பைலட்டுக்குக் காத்திருப்பதாக மெயில் போனது. வெளியூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதைக் கப்பல்காரர்களின் ஆங்கிலம் என்றே நினைத்துக் கற்றுக்கொண்டார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்று ஒருவரிடமாவது நான் சொன்னேனா? இல்லை.

ஒருநாள் எடைமேடையில் ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, “அண்ணாச்சி, வண்டி தல்மேதா ஆயிட்டு, கொஞ்சம் தள்ளணும்” என்றிருக்கிறான். யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்த் தள்ளிக் கொடுத்திருக்கிறார். அக்காதான் இதைச் சொன்னாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் பாடல்குழுவுக்குப் போகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். எழுதிய தாள்கள் என்னவாயின என்று கேட்க எனக்கு முகம் இல்லை. அவர் மகன் துறைமுகத்தில் வேலைக்கு மனுப் போட்டபோது குடும்பப் பெயரை விட்டுவிட்டு, வெறும் இனிஷியலோடு போட்டான்.

அத்தான் இறந்த பிறகு, போன கல்லறைத் திருநாளுக்கு அவருடைய கல்லறைக் கல்லைச் சாமியார் மந்திரித்தார். கல்லில் ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருந்தது. “குடும்பப் பேர் போடலியாக்கா?” என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

அக்கா மெழுகுவர்த்தி கொளுத்துவதை நிறுத்தவில்லை. “அதத்தான் ஒங்க ஆபீஸுக்குக் குடுத்தாச்சுல்லா. கல்லுல எதுக்கு?”

கட்டையைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதை எடுத்துக் கல்லின்மேல் வைக்கக் குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“அங்கன வைக்காதலே. கயிறு பிடிச்சவன் நீ. நீயே வச்சுக்க.”

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.