இடது ஸ்பீக்கரின் பித்தளைத் தகடு

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடுற ஆளுங்க. முப்பது வருஷம் காலேஜ்ல பிசிக்ஸ் லேப்பைப் பார்த்துக்கிட்டவன், சத்தம்னு ஒண்ணு வந்தா அதுக்குப் பின்னாடி ஒரு ஒயர் இருக்கும்னு பசங்களுக்குச் சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனவன். அதனால நீங்க இதை நம்பலைன்னா எனக்குக் கோவம் வராது. ஆனா நடந்துச்சு.

போன ஆடி மாசம், ஒரு மத்தியானம். என்கூட வேலை பார்த்த சம்பத் சார் ஸ்ரீரங்கத்துல இருக்கார், அவர் வீட்டு ஸ்பீக்கருக்கு ஒயர் மாத்தணும்னு கூப்பிட்டிருந்தார். என் வீடு மன்னார்புரம். கிளம்பும்போதே எனக்கு மனசு ஒப்பல, ஏன்னா என் வீட்டுக்காரி ரோஸிக்கு சுகர், காலையிலேர்ந்து தலை சுத்துதுன்னு சொல்லிக்கிட்டிருந்தா, பையன் பெங்களூர்ல, வீட்டுல வேற ஆள் கிடையாது. "நான் என்ன பச்சைக் குழந்தையா, போயிட்டு வாங்க"ன்னு அவதான் விரட்டிவிட்டா.

வேலை சின்ன வேலைதாங்க. அந்த வகை ஸ்பீக்கருக்குப் பின்னாடி ரெண்டு திருகு இருக்க வேண்டிய இடத்துல நாலு இருக்கும். கீழ் ஜோடி மிருதங்கம் மாதிரி கனமான சத்தத்துக்கு, மேல் ஜோடி ஜால்ரா மாதிரி சன்னமான சத்தத்துக்கு. செட்லேர்ந்து வர்ற ஒயர் கீழ் ஜோடிக்குத்தான், அங்கேர்ந்து மேல் ஜோடிக்குச் சத்தம் போக கம்பெனிக்காரன் ரெண்டு பித்தளைத் தகடு போட்டிருப்பான். அதை எடுத்துட்டு நல்ல செம்பு ஒயர் துண்டு மாட்டினா பாட்டு தெளியும்னு சார் எங்கயோ படிச்சிட்டார். பெருசா ஒண்ணும் மாறாது சார்னு சொன்னேன், கேட்டாத்தானே.

வலது பக்கத்தை முடிச்சு, அதோட தகடுகளை சார் கையில குடுத்தேன். இடது பக்கத்துல தகடு ரெண்டையும் கழட்டி, தொலையாம இருக்கட்டும்னு வழக்கம்போல சட்டைப் பாக்கெட்ல போட்டேன், அதுக்குள்ள சார் வீட்டு மாமி காப்பி கொண்டு வந்துட்டாங்க. அந்த வீட்டுல காப்பியை ஆறவிட்டா ஏதோ அபசாரம் பண்ணின மாதிரி பார்ப்பாங்க, அதனால எழுந்து குடிச்சேன். குடிச்சிட்டு, வேலை முடிஞ்ச நினைப்புல, "போடுங்க சார் கேப்போம்"னு சொல்லிட்டேன். இடது பக்கத்துல மேல் ஜோடிக்கு ஒயர் துண்டே மாட்டல, இது எனக்கு அப்ப உறைக்கல.

அவங்க வீட்டுல நடந்த பஜனையை சாரே ரெக்கார்ட் பண்ணினது, அதைத்தான் போட்டார். ரெண்டு நிமிஷம் போயிருக்கும். இடது ஸ்பீக்கர்லேர்ந்து டிங் டிங் டிங்னு மூணு தட்டு, அப்புறம் நிறுத்தம், திரும்ப மூணு. இரும்புக் குழாயில பாத்திரத்தால தட்டற மாதிரி. தாளத்தோட ஒட்டவே இல்ல.

சார் முகம் மாறிடுச்சு. "ஆரோக்கியம், இந்த ரெக்கார்டிங்கை நூறு தடவை கேட்டிருக்கேன். இது அதுல கிடையாது."

லூஸ் கனெக்‌ஷன்னு சொல்லிக்கிட்டே பின்னாடி போய்க் குனிஞ்சு பார்த்தேன். மேல் ரெண்டு திருகும் மொட்டையா இருந்துச்சு. ஒயரும் இல்ல, தகடும் இல்ல, ஆனா மேல இருக்கற அந்தச் சின்ன ஸ்பீக்கர் மட்டும் தட்டிக்கிட்டே இருக்கு. ஏன்னு கேக்காதீங்க, ரோஸி ஞாபகம்தான் வந்துச்சு. மூணு தடவை ஃபோன் அடிச்சேன், எடுக்கல.

"பெருமாள் இருக்கார், பார்த்துப் போங்கோ"ன்னு சார் வாசல் வரைக்கும் வந்தார். காவிரிப் பாலத்துல வண்டியை எப்படி ஓட்டினேன்னு இன்னிக்கும் தெரியல, மாதாவே மாதாவேன்னு வாய் மட்டும் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

ரோஸி பாத்ரூம்ல விழுந்து கிடந்தா. கணுக்கால் பிசகி, எழுந்து தாழ்ப்பாளைத் தொடக்கூட முடியல. கதவை உடைச்சுத்தான் தூக்கினேன். பக்கத்துல எவர்சில்வர் சொம்பு கிடந்துச்சு, அதால குழாயைத் தட்டித் தட்டி அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்கா.

இதோட முடிஞ்சிருந்தா கர்த்தர் கிருபைன்னு விட்டிருப்பேன். சுகர் ரொம்ப இறங்கியிருந்துச்சு, சக்கரைத் தண்ணி குடிச்சுக் கொஞ்சம் தெளிஞ்சதும் அவ என் மேல எரிஞ்சு விழுந்தா. "ஹால்ல பாட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, நான் தட்டினது காதுல விழலையா? நீங்க இருக்கீங்க, வந்துடுவீங்கன்னுதானே தட்டறதை நிறுத்தினேன்"னா. என்ன பாட்டுடின்னு கேட்டேன். "என்னத்த பாட்டு, குரலே சரியா கேக்கல. மிருதங்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. வெறும் ஜால்ரா சத்தம்தான்."

நான் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். தகடு ரெண்டும் அங்கதான் இருந்துச்சு. இடது ஸ்பீக்கர்ல மேல் ஜோடிக்குப் போக வேண்டிய சத்தம் மட்டும் எங்க வீட்டுக்கு வந்திருக்கு.

ராத்திரி சாப்பாட்டு நேரத்துல சார் கூப்பிட்டார். "ஆத்துல சௌக்கியமா?"

"சௌக்கியம் சார். கால் வீக்கம்தான். விழுந்து கிடந்தா, குழாயைத் தட்டினது அவதான்."

"அப்போ இங்க இந்தத் தட்டு ஏன் இன்னும் நிக்கல?"

"செட்டை அணைச்சிடுங்க சார்."

"நீங்க கிளம்பினப்பவே அணைச்சுட்டேனே."

ஃபோன்ல எனக்கே கேட்டுச்சு. மூணு தட்டு, நிறுத்தம், மூணு தட்டு. ரோஸி எனக்கு எதிர்ல உக்காந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தா.

மறுநாள் விடியறப்ப நின்னுபோச்சுன்னார் சார். அப்புறம் வரல. நான் அந்தப் பக்கமே போகலைங்க, தகடு ரெண்டும் என் மேஜை டிராயர்லதான் கிடக்கு. வாரா வாரம் கூப்பிட்டு, வந்து மாட்டிக் குடுங்கோன்னு கேக்கறார், நானும் சாக்கு சொல்லிக்கிட்டிருக்கேன். என் பொண்டாட்டி தட்டினதைக் கேட்டு ஓடிப்போய்த் தூக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி பூரா தட்டினவங்க வீட்டுக்கு யாராவது போனாங்களான்னுதான் எனக்குத் தெரியல.