கமலநாயகியின் பதினொரு சுவீடன் பெண்கள்

என் மச்சாள் கமலநாயகி பேசும் ஜெர்மன் மொழியை இன்றைக்கு ஜெர்மனியில் வேறு யாரும் பேசுவதில்லை. நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த சீமாட்டிகளின் பேச்சு அது. ஒருமுறை அலுவலகமொன்றில் டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், கேட்கப் போனவள், "மதிப்புக்குரிய ஐயா, தாங்கள் என்னை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பினால் என் பேதை நெஞ்சம் தாங்காது" என்றிருக்கிறாள். அந்த மனிதர் பயந்துபோய் மறுநாளே டெர்மின் கொடுத்துவிட்டார். அதே அலுவலகத்தில் ஒரு டெர்மினுக்காக நாலு மாதம் காய்ந்தவள் நான். எனக்கு எரியாதா?

கமலநாயகி என் அண்ணன் சிறீதரனின் மனைவி. வயது ஐம்பத்தேழு. டோர்ட்மண்டில் எங்கள் பகுதிச் சின்ன நூலகத்தைக் காலையில் துப்புரவு செய்கிறாள். அங்கே கடைசி அலுமாரியின் அடித்தட்டில் பதினொரு பழைய நாவல்கள் இருந்தன. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டுப் பெண்கள் எழுதி, அந்தக் காலத்திலேயே ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டவை. எல்லாவற்றிலும் ஒரு பதினேழு வயதுப் பெண் வருவாள். கண்டிப்பான தகப்பன் இருப்பார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டொக்ஹோமுக்கு வேலை தேடிப் போவாள், நிறைய அழுவாள், நிறையக் கடிதம் எழுதுவாள். ஓய்வு நேரத்தில் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அகராதியோடு இவற்றை வாசித்துத்தான் மச்சாள் ஜெர்மன் படித்தாள். அவள் கதை சொல்லத் தொடங்கினால் நான் வெங்காயம் உரிக்கப் போய்விடுவேன்.

போன மாதம் நூலகப் பொறுப்பாளர் ஃப்ராவ் பிரிங்க்மன் அந்தத் தட்டைக் காலி செய்யப் போவதாகச் சொன்னார். ஒன்பது வருடமாக ஒருவரும் இரவல் எடுக்கவில்லையாம். மச்சாள் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறாள், ஆனால் அங்கேயே இருந்து வாசித்ததால் கணினிக்கு அது தெரியாது. அவள் மன்றாடியபின் பொறுப்பாளர் ஒரு வழி விட்டார். பதினொன்றும் இரவல் போய் வாசிக்கப்பட்டு, அவர் குறித்த ஒரு புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் திரும்பி வந்தால் தட்டு தப்பும். ஒன்று குறைந்தாலும் எல்லாம் பழைய தாளோடு கழிவுக்குப் போகும்.

"மச்சாள், நீங்களே பதினொண்டையும் எடுத்திட்டுத் திருப்பிக் குடுங்கோவன். அலுவல் முடிஞ்சுது" என்றேன்.

"அது கள்ளம். எனக்கு எல்லாம் மனப்பாடம். எனக்குப் பிறகு அந்தப் பிள்ளையளை ஆர் பாக்கிறது? வேற ஆக்கள் வாசிக்கவேணும்" என்றாள். பிள்ளைகள் என்றது அந்த நாவல்களில் வரும் பெண்களை. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது.

அப்படித்தான் என்னையும் சேர்த்து எங்கள் கோயிலுக்கு வரும் பதினொரு தமிழ்ப் பெண்களின் கையில் பதினொரு புத்தகங்கள் வந்தன. அதோடு ஊர் குழம்பியது. மூன்று பேரப்பிள்ளைகள் உள்ள யோகராணி அக்கா நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். முதல்நாள், "இன்று என் உள்ளத்தில் இனம்புரியாத ஏக்கம்." இரண்டாம் நாள், "உழுந்து முடிந்துவிட்டது." அஞ்சலா ஏரியில் தனியாகப் படகு வலிக்கப் போனாள். அவள் புருஷன் லோறன்ஸ் கரையில் அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு குளிரில் நின்றான். மிதுஷாவின் அம்மா ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம், நான் முதல்ல ரீச்சராக வரவேணும்" என்று அறிவித்தாள். அவளுக்குக் கலியாணமாகி இருபத்தேழு வருடம். "சரி, அப்ப சோறு ஆர் போடுறது?" என்று கேட்ட புருஷன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பதினொன்றாவது புத்தகம் என் பங்கு. மச்சாளுக்கு மிகவும் பிடித்த நாவல் அது. குடும்பத்துக்குள் இருக்கட்டும் என்று எனக்குத் தந்தாள்.

அந்தப் புதன்கிழமை சரஸ்வதி பூசை. எல்லாரும் கோயிலுக்கு வருவார்கள்தானே, புத்தகங்களை அங்கேயே கொண்டுவரச் சொன்னால் மச்சாள் ஒரே தடவையில் அள்ளிக்கொண்டு போகலாம் என்று திட்டம் போட்டவள் நான். அங்கே போனால் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள் சரஸ்வதிக்கு முன்னால் குவிந்திருந்தன. எங்கள் பெண்களும் பழக்கதோஷத்தில் நாவல்களை அங்கேயே அடுக்கிவிட்டார்கள். நானும்தான். அடுக்கியது போதாதென்று ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூசைக்கு வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது என்ற நினைப்பு, ஐயர் தீபம் காட்டி முடித்த பிறகுதான் எனக்கு வந்தது.

நாலரை மணிக்கு மச்சாள் சக்கரம் வைத்த பையோடு வந்து நின்றாள். விஷயம் தெரிந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"ஐயா, பதினொண்டு மட்டும்..."

"ஏலாது பிள்ளை" என்றார் ஐயர்.

மச்சாள் வெளியே போய் ஃப்ராவ் பிரிங்க்மனுக்குத் தொலைபேசினாள். "பெருமாட்டியே, விதி என்னைக் கைவிட்டது" என்று தொடங்கியது எனக்குக் கேட்டது. ஐந்தரைக்கு அந்த அம்மா கையில் ஒரு ஸ்கானரோடு வந்து, சப்பாத்தைக் கழற்றி, பச்சைக் காலுறையோடு உள்ளே வந்தார். புத்தகத்தை எடுக்கத் தேவையில்லை, அட்டையிலுள்ள கோடுகளில் இந்த வெளிச்சம் பட்டால் போதும் என்றார்.

வெளிச்சம் படுவது தொடுவதாகுமா என்று சபை இரண்டாகப் பிரிந்தது. ஐயர் கொஞ்சம் யோசித்தார். "நாங்கள் காட்டுற தீபமும் வெளிச்சம்தானே? காட்டட்டும்."

ஸ்கானர் ஒவ்வொரு தடவை 'பீப்' என்றபோதும் கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பத்து பீப். பதினொன்றாவதுக்குச் சத்தமே இல்லை. கோடுகளுக்கு நடுவில் என் குங்குமம் பெரிதாக அப்பியிருந்தது. துடைக்கவும் ஐயர் விடவில்லை.

"சரி, வாசித்தவர் கதையைச் சொன்னால் திரும்பி வந்ததாக எடுத்துக்கொள்கிறேன். யார் வாசித்தது?" என்று கேட்டார் ஃப்ராவ் பிரிங்க்மன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசித்தது நாலு பக்கம். மீதி நாட்களில் அதன்மேல் தேநீர்க் கோப்பை வைத்தேன். வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டேன்: தகப்பனுக்கு மாரடைப்பு, காணாமல்போன இரட்டைச் சகோதரி, விஷம் கலந்த பால்.

பொறுப்பாளர் மச்சாளைப் பார்த்தார். "இதுதான் கதையா?"

மச்சாள் ஓம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லை" என்றாள். "ஒவ்வொரு நாளும் கேட்டனான். ஓம் ஓம் எண்டு சொன்னாய்" என்று எனக்குச் சொன்னாள். பிறகு வெறும் பையை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. மறுநாள் காலை பத்து மணி வரை நான் அவகாசம் கேட்டேன். பொறுப்பாளர் தன் பச்சைக் காலுறையைப் பார்த்துக்கொண்டே சம்மதித்தார்.

விஜயதசமி காலை ஏழு மணிக்கு ஐயர் புத்தகத்தை எடுத்துத் தந்தார். ஏடு தொடக்க வந்து, அரிசியில் 'அ' எழுதி வீரிட்டு அழுத மூன்று வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் சப்பாணி கட்டி உட்கார்ந்து வாசித்தேன். முதல் இருபது பக்கமும் கடமைக்கு. அதன்பிறகு அந்தப் பெண் தகப்பனுக்குத் தெரியாமல் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். அவளுக்குப் பதினேழு வயதுதான். நான் அந்த வயதில் எதையும் யாருக்கும் தெரியாமல் செய்ததில்லை. குழந்தைகளின் அழுகை கேட்பது நின்றுவிட்டது.

யாரோ தோளைத் தட்டினார்கள். மணி பத்து. ஃப்ராவ் பிரிங்க்மன் குனிந்து நின்றார், பின்னால் மச்சாள்.

"சொல்லுங்கள், கடைசியில் அந்தப் பெண் பரீட்சையில்..."

"சொல்லாதீர்கள்!" என்று கோயிலே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "நான் இன்னும் அங்கே வரவில்லை!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு கடதாசியை எடுத்து என் பெயருக்கு நேரே இன்னும் நாலு வாரம் என்று எழுதினார். வாசிப்பவர் கையிலிருக்கும் புத்தகத்தைக் கழிக்கமுடியாது, தட்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார். நன்றி சொல்லக்கூட நான் நிமிரவில்லை. மச்சாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தினையாம் பக்கம்?" என்று கேட்டாள்.

"பேசாமல் இருங்கோ மச்சாள்" என்றேன்.