அடிமரத்தில் ஒரு துண்டு

சம்பந்தி வீட்டுக்குப் போகிறோமே, பூவும் பழமும் வாங்கட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம்மா, காதை மூடுற கவசத்தை மட்டும் மறக்காம எடுத்துக்க" என்றாள் என் மகள் கயல்விழி. நார்வேக்கு வந்து தலை நரைத்த பிறகும் இந்த நாடு என்னை இப்படித்தான் திகைக்க வைக்கிறது. பனி உருகியதும் ஒரு சனிக்கிழமை, மருமகனின் அப்பா அர்னே தன் காட்டுக்கு உறவுகளையும் நண்பர்களையும் கூப்பிடுவார். ஆளுக்கொரு மோட்டார் ரம்பத்தோடு வந்து பிர்ச் மரங்களைச் சாய்த்து, துண்டு போட்டு, அவரவருக்கு வேண்டிய விறகை ஏற்றிக்கொண்டு போவார்கள். கூலி கிடையாது, காப்பியும் சாஸேஜும் உண்டு. இதற்கு டுக்னாட் என்று பெயர். ஊரே கூடிக் கூலியில்லாமல் பண்ணைக்குச் செய்த வேலைக்கு எங்கள் பக்கம் வெட்டி என்று பெயர். அதை நான் அவர்களிடம் சொன்னதில்லை.

போன வருடம்தான் முதன்முதலாகப் போனேன். "வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கையை விரித்து மொத்தக் காட்டையும் காட்டினார் அர்னே. நான் என்ன செய்தேன் தெரியுமா? அடிமரத் துண்டுகள் இருந்த பக்கமே போகவில்லை. கழித்துப் போட்ட கொப்புகளையும் சுள்ளிகளையும் பொறுக்கி, முழங்காலால் அழுத்தி இறுக்கிக் கட்டி, காரில் ஏற்றினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. இங்கே சுள்ளியை யாரும் சீண்டுவதில்லை, காட்டிலேயே மட்க விட்டுவிடுவார்கள். அதனால் எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒன்றையும் வீணாக்காத அம்மா என்று சம்பந்தியம்மா இங்கெர் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டு வாசலில் கட்டுகளை இறக்கும்போதுதான் சுருக்கென்றது.

தஞ்சாவூர் ஜில்லாவில் குத்தாலம் பக்கத்தில் எங்கள் ஊரில் மரம் வெட்டினால் அடிமரம் பண்ணைக்கு. கொப்பு, சுள்ளி, வேர் எல்லாம் வெட்டினவனுக்கு. கூலிக்குப் பதில் அதுதான். மரம் வரப்பில் நின்றாலும் சரி, எங்கள் குடிசைக்குப் பின்னால் நின்றாலும் சரி, கணக்கு ஒன்றுதான், ஏனென்றால் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது. மாட்டுவண்டியில் அடிமரம் போகும், எங்கள் அம்மாவும் அத்தைகளும் சுள்ளிக் கட்டோடு பின்னால் வருவார்கள். வண்டியை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நானும் அந்த வரிசையில் நடந்தவள்தான்.

பிறகு காலம் மாறியது. கறுப்பு சிவப்புக் கொடி கோட்டையில் ஏறியது, எங்கள் தெருமுனையில் அதோடு செங்கொடியும் ஏறியது. அறுவடைக்குக் கூலி கேட்டு வயலில் ஆள் இறங்காமல் நின்றதும், வெளியூர் ஆளை இறக்கியதும், அடிதடியும் சாதாரணமாகிவிட்ட வருடங்கள் அவை. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்தது. தஞ்சாவூரில் நர்ஸ் படிப்புக்காக விடுதியில் இருந்த நான் விடுமுறைக்கு வந்தபோது, அப்பா குடிசைக்குப் பின்னால் இருந்த பூவரசைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குக் கதவு கிடையாது, கீற்றுப் படல்தான். அந்த அடிமரத்தில் ஒரு கதவு செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதைவிடப் பெரிய ஆசை அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

அப்பாவும் சித்தப்பாவும் தெருவில் நாலைந்து கூட்டாளிகளும் விடிந்ததும் தொடங்கினார்கள். இரண்டு கோடாலி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பம் ஒன்று. பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். ரோட்டில் சைக்கிள் மணி கேட்டால் கோடாலி நின்றுவிடும். மணி தாண்டிப் போனதும் மறுபடி விழும். சொந்த மரத்தைத் திருடர்கள்போல வெட்டினோம். மரம் சாய்ந்து கொப்புக் கழித்து முடிப்பதற்குள் மிராசுதாரின் காரியஸ்தர் ஆட்களோடு வந்துவிட்டார்.

"மனையைத்தானடா சட்டத்துல குடுத்திருக்கு? மரத்தைக் குடுக்கலையே" என்றார்.

"நான் வச்சு, நான் தண்ணி ஊத்துன மரங்க. எங்க வீட்டுக்குக் கதவாகப் போவுதுங்க" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அடிமரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்து எழுப்புகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவரையும் கொண்டுபோனார்கள், மரத்தையும் கொண்டுபோனார்கள். அப்பா மறுநாள் திரும்பி வந்தார். மரம் வரவில்லை. எங்களுக்கும் இல்லாமல் பண்ணைக்கும் இல்லாமல் ஸ்டேஷன் வாசலிலேயே மழையிலும் வெயிலிலும் கிடந்து உளுத்துப் போனது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் வருவேன். சுள்ளியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அம்மா அதை வைத்துத்தான் சோறாக்கினாள்.

இந்த வருடம் காட்டுக்குப் போய் இறங்கியதும் இங்கெர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒரு பாறைக்குப் பக்கத்தில் சுள்ளி குவிந்திருந்தது. ஒரே நீளமாக ஒடித்து அடுக்கி, மேலே புதுக் கயிறு ஒன்றையும் வைத்திருந்தார்கள். உங்களுக்காகவே சேர்த்து வைத்தோம் என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் அந்தக் கயிற்றைத் தொடவில்லை.

"ஆசையா பண்ணியிருக்காங்கம்மா. கொஞ்சம் சிரியேன்" என்று கயல்விழி என் காதோரம் சொன்னாள்.

"ஆசையாத்தான் வச்சிருக்காங்க. பண்ணையில மட்டும் என்ன, திட்டிக்கிட்டா குடுத்தாங்க?"

அவளுக்குப் புரியவில்லை. அந்தக் கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை. தன் புகுந்த வீட்டில் அவள் தலைநிமிர்ந்து நடக்கிறாள். அங்கே என்னைச் சுள்ளிக்காரியாக எழுதி வைத்துவிட்டார்கள், அதுவும் அன்போடு. இப்போது விட்டால் பேரன் பேத்தி காலத்திலும் பாட்டிக்குச் சுள்ளி என்றுதான் இருக்கும். என் பங்கும் அடிமரத்தில்தான் என்பதை இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

"அடிமரத்துல எனக்கு ஒரு துண்டு வேணும்னு உங்க மாமனார்கிட்ட கேளு."

"இதுக்குப் போயி கேக்கணுமா? எடுத்துக்கம்மா, யாரு கேக்கப்போறா?"

"கேக்காம எடுத்துட்டுத்தான் உங்க தாத்தா ஸ்டேஷன்ல போய் உக்காந்தாரு. நீ கேளுடி."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போய்ச் சொன்னாள். அர்னே ரம்பத்தை நிறுத்தினார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, முகமெல்லாம் சிரிப்பாக வந்து தன் தலைக்கவசத்தை என் தலையில் மாட்டி, ரம்பத்தையே என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு வெட்ட ஆசை வந்துவிட்டதாம்! மறுக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று கைப்பிடியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மரத்தூள் தெறிக்க, அடிமரத்தின் பருத்த முனையில் ஒரு துண்டை அறுத்தேன். அந்த இரைச்சலில் யாருக்கும் எந்தப் பயமும் இல்லை. நான் மட்டும் இரண்டு முறை சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

துண்டை அர்னேயே உருட்டி வந்து காரில் ஏற்றினார். சுள்ளியையும் விட்டுவர மனம் வரவில்லை, பாவம் இங்கெர். திரும்பும் வழியெல்லாம் கயல்விழிக்குப் பூவரசின் கதையைச் சொன்னேன். மறுநாள் ஊரில் அதே மனையில் மாடி வீடு கட்டி இரும்புக் கதவு போட்டிருக்கும் தம்பியிடம் போனில் சொன்னேன். "ஏங்க்கா, அங்க அடுப்புக்கு கேஸ் கிடையாதா?" என்றான்.

துண்டு என் வீட்டுக் கதவோரம் நிற்கிறது. அர்னே வரும்போதெல்லாம் அதைக் காலால் தட்டிப் பார்த்து, சீக்கிரம் பிளந்து காயவையுங்கள், பிர்ச் மரம் பட்டையோடு கிடந்தால் உள்ளேயே உளுத்துவிடும் என்கிறார். இப்போது பிளந்தால்தான் அடுத்த குளிருக்கு எரியுமாம். தெரியும் என்று தலையாட்டுகிறேன். உளுத்த அடிமரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் கோடாலியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்கிறேன். பிளந்தால் அது இந்த ஊரில் எனக்குரிய விறகு, பிளக்காவிட்டால் ஸ்டேஷன் வாசலில் கிடக்கும் அப்பாவின் கதவு. கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.